கல்யாண போட்டோ: தள்ளுபடி யாருக்குச் சேரும்?

கல்யாணம் நிச்சயமானதும் மண்டபம் பார்க்கிறார்கள். சமையல்காரரை அமர்த்துகிறார்கள். அடுத்தபடியாகப் போட்டோக்காரரைக் கூப்பிடுகிறார்கள். பேரம் அங்கே சூடு பிடிக்கிறது.

"தம்பி, ஆல்பம் போடும் லேபில் உங்களுக்குத் தள்ளுபடி உண்டாமே! அதில் எங்களுக்கும் கொஞ்சம் விட்டுக் கொடுங்களேன்" என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பணம் கொடுப்பவர்கள் கணக்குக் கேட்காமல் இருப்பார்களா? ஆனால், அந்தக் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு வகைத் தள்ளுபடி

லேப் என்பது படங்களை அச்சிட்டு, ஆல்பமாகக் கட்டித் தரும் இடம். அங்கே தள்ளுபடி சும்மா கிடைப்பதில்லை.

மாதிரி ஆல்பத்துக்கு விலை குறைத்துத் தருவது உண்டு. அது கடையில் வைத்துக் காட்டுவதற்காக. லேபுக்கு அது ஒரு விளம்பரம். வாடிக்கையாளரின் ஆல்பத்துக்கு அந்த விலை கிடைக்காது.

மற்றொன்று, நிறைய வேலை கொடுப்பவருக்குக் கிடைப்பது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வேலை குறைந்தால், அந்தச் சலுகையும் குறையலாம்.

வந்தது ஆயிரம், போனது ஐயாயிரம்!

ஓர் உதாரணம் பார்ப்போம். மொத்தத் தொகை 50,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அதில் ஆல்பத்தின் விலை 10,000. உதவியாள் கூலி, வண்டிச் செலவு, கடை வாடகை, காமிராத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து 30,000. மிச்சம் 10,000. போட்டோக்காரர் வீட்டில் அடுப்பு எரிவது இந்தப் பத்தாயிரத்தில்தான்.

லேப் நூற்றுக்கு 10 தள்ளுபடி தருகிறது. எதில்? ஆல்பத்தின் விலையில். அதாவது 1,000 ரூபாய்.

வாடிக்கையாளரும் நூற்றுக்கு 10 கேட்கிறார். எதில்? மொத்தத் தொகையில். அதாவது 5,000 ரூபாய்!

கொடுத்துவிட்டால், கையில் மிஞ்சுவது 6,000 மட்டுமே. தள்ளுபடி கிடைத்தும் 4,000 ரூபாய் குறைகிறது. இரண்டு பேரும் "நூற்றுக்கு 10" என்றே சொல்கிறார்கள். தொகைதான் வேறு.

பிலிம் போன பிறகு

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படம் எடுக்கலாம். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' பிலிம் தயாரித்தது. எத்தனை சுருள் ஆயிற்று என்று வாடிக்கையாளரே எண்ணிப் பார்க்கலாம்.

இன்று அங்கே பிலிம் தயாராவதில்லை. காமிராக்களும் மாறிவிட்டன. "பிலிம் செலவு மிச்சம்தானே?" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இப்போது ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். அவற்றைப் பொறுக்கி, நிறம் திருத்தி, பக்கம் அமைக்க நாட்கணக்கில் வேலை இருக்கிறது. செலவு மறையவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

வரி குறைந்ததே?

2025 செப்டம்பர் 22 முதல் ஏர்கண்டிஷனர் போன்ற பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. போட்டோ எடுக்கும் கூலிக்கு முன்பும் 18, பின்பும் 18. அதில் மாற்றமில்லை.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் பில்லில் வரி போட முடியாது. ஆனால் தாம் வாங்கும் பொருளுக்கு வரி கொடுக்கிறார். அது அவர் தலையில் விழும் செலவு.

என்ன செய்யலாம்?

போட்டோக்காரர்கள் பக்கமும் தவறு உண்டு. சிலர் முதலில் ஏற்றிச் சொல்லி, பிறகு இறக்குகிறார்கள். ஒருவரிடம் அப்படிக் கண்டவர்கள், அடுத்தவர் உண்மை விலை சொன்னாலும் நம்புவார்களா? படம் எடுக்கும் கூலி இவ்வளவு, ஆல்பம் இவ்வளவு, பக்கம் இத்தனை என்று முன்கூட்டியே தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

குடும்பத்தாருக்கும் ஒரு வழி உண்டு. பணம் போதவில்லையா? வேலையைக் குறைக்கச் சொல்லலாம். 40 பக்க ஆல்பத்தை 30 பக்கமாக்கலாம். இரண்டு காமிராவுக்குப் பதில் ஒன்று போதும் எனலாம். வேலையைக் குறைக்காமல் கூலியை மட்டும் குறைத்தால், தேர்ந்த உதவியாளுக்குப் பதில் புதுப் பையன் வருவான். தாலி கட்டும் நேரமோ இரண்டாம் முறை வராது.

ஆகவே, தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எதில் தள்ளுபடி என்று கேட்பதே நல்லது.