தத்துப் பிள்ளையிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் கோர்ட்டுக் கதை எழுதி நாளாயிற்று. இன்று ஒன்று எழுதுகிறேன். பாதி கோர்ட்டுக் கதை, பாதி என் வீட்டுக் கதை.

போன தை மாதம் பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கக் காந்தி ரோட்டுக்குப் போயிருந்தோம். முகூர்த்த நாட்கள் நெருங்கியிருந்ததால் கடையில் உட்கார இடமில்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண். நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான வயது. அந்த நிறத்துக்கும் முகவெட்டுக்கும் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கடைப்பையன் தமிழில் ஏதோ கேட்க, அவள் சிரித்துக்கொண்டே கையை விரித்தாள். தமிழ் தெரியாதாம். கூட வந்திருந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"இவள் என் மகள். இங்கே பிறந்தவள். ஐந்து மாதக் குழந்தையாக 1986ல் நான் வந்து அழைத்துப் போனேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் அந்த அம்மாள். சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். மகள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆயிரம் தடவை கேட்ட விஷயம் போல, புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டென்மார்க்கிலிருந்து வந்திருந்தார்கள். என் கோர்ட்டு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். அந்தக் காலத்தில் மூன்று வாரம் சென்னையில் தங்கிக் காத்திருந்தாராம். சித்திரை வெயில், வயிற்றுக் கோளாறு, தினம் ஒரு அலுவலகம். அந்த விமானச் சீட்டு, குழந்தை போட்டிருந்த சட்டை, அன்றைய நாளிதழ் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார். மகளுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து காட்டிக் கதை சொல்லியிருக்கிறார். இப்போது பெற்றவளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று தேட, தாயும் மகளுமாகக் கிளம்பி வந்திருக்கிறார்கள். கிடைத்தது ஒரே ஒரு தாள்தான். அதில் பெற்றோர் பற்றி ஒரே ஒரு வரி: விவரம் தெரியவில்லை.

அந்த வரி எனக்குப் புதிதல்ல.

நான் 1976ல் நீதிமன்றப் பணியில் சேர்ந்து 2009ல் ஓய்வு பெற்றேன். எந்த ஊர்க் கோர்ட்டு என்பது இங்கே வேண்டாம். வெளிநாட்டார் தத்து எடுப்பதற்கு அப்போது தனிச் சட்டம் கிடையாது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்துச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே 1890ஆம் ஆண்டின் கார்டியன் சட்டத்தின் கீழ் ஓ.பி. போடுவார்கள். கோர்ட்டு அவர்களைக் குழந்தையின் காப்பாளராக நியமிக்கும். பிறகு பாஸ்போர்ட், விசா. தத்து எடுப்பது அவர்கள் ஊர்ச் சட்டப்படி அங்கே நடக்கும். பல பேர் இங்கே வருவதே இல்லை. பவர் வாங்கியவர் கையெழுத்துப் போடுவார். விமானத்தில் யாரோ ஒருவர் நாலைந்து குழந்தைகளைச் சேர்த்து அழைத்துப் போய்விடுவார். டென்மார்க் அம்மாளைப் போல நேரில் வந்து காத்திருந்தவர்களும் உண்டு.

லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தத்து என்ற பெயரில் குழந்தைகள் வெளிநாட்டுக்கு அனுப்பப்படுவதில் முறைகேடு நடக்கிறது என்று. அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பு எழுதினார். முதலில் இந்தியப் பெற்றோர் தேட வேண்டும், அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாகத்தான் வெளிநாட்டார் வர வேண்டும், அவர்கள் வீட்டு நிலை பற்றிய அறிக்கை வேண்டும், குழந்தை பற்றிய அறிக்கையும் வேண்டும் என்றெல்லாம் வந்தது. அதன் பிறகு கட்டு பருமனானது. ஆனாலும் பல கட்டுகளில் பெற்றோர் பற்றி இருந்தது அந்த ஒரே வரிதான். ஒரே தட்டச்சு, ஒரே வாசகம். நான் பக்க எண் போட்டேன், சீல் வைத்தேன், உள்ளே அனுப்பினேன். எப்படித் தெரியாமல் போயிற்று, யாரையாவது விசாரித்தார்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது என் வேலை இல்லை என்பது சரிதான். நாற்பது வருடம் கழித்து ஒரு பெண் கடல் தாண்டி வந்து அந்த வரியைப் படிப்பாள் என்று நினைத்துப் பார்த்ததும் இல்லை.

அந்த வரிக்குப் பின்னால் சில சமயம் பெரிய குற்றமே இருந்திருக்கிறது. 2005ல் சென்னையில் பிடிபட்ட வழக்கை நீங்களும் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஏழைகள் வீட்டுக் குழந்தைகளைத் திருடி, தாயே ஒப்படைத்ததாகப் பொய்க் காகிதம் தயாரித்து, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கா என்று அனுப்பியிருந்தார்கள். அங்கே வளர்த்தவர்களுக்கும் அது தெரியாது. 1980களில் இலங்கையில் இருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அதில் பணத்துக்கு விற்றதும், வேறொரு பெண்ணைத் தாயாக நடிக்க வைத்ததும் 2017ல் டச்சுத் தொலைக்காட்சி ஒன்றின் மூலம் வெளியே வந்தது. 2021ல் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. ஆகவே "வெள்ளைக்காரன் எல்லாம் புண்ணியவான், நாம்தான் மோசம்" என்று நான் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றில் அந்த அம்மாள் என்னைவிட உயர்ந்தவர். அதைச் சொல்லத்தான் என் வீட்டுக் கதை.

என் தங்கைக்குக் குழந்தை இல்லை. 1989ல் தத்து எடுப்பது என்று முடிவானபோது, கோர்ட்டு ஆள் என்பதால் காகித வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. முறையான இல்லம், கோர்ட்டு அனுமதி, பதிவு செய்த தத்துப் பத்திரம், வீட்டில் தத்து ஹோமம். சட்டப்படி ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு நானே ஒரு யோசனையும் சொன்னேன். "ஆறு மாதம் வெளியூரில் இருந்துவிட்டுக் கைக்குழந்தையோடு வாருங்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம். பையனுக்கும் வேண்டாம். பத்திரம் என் பீரோவில் இருக்கட்டும்" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். பிறந்த நேரம் தெரியாததால் உத்தேசமாக ஒன்றைச் சொல்லி ஜாதகமும் எழுதி வாங்கினோம்.

2014ல் பையனுக்குப் பெண் பார்க்கும்போது அந்த ஜாதகம் நாலு இடம் போய் வந்தது. சொத்துத் தகராறில் கோபமாக இருந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் பெண் வீட்டார் முன்னாலேயே உண்மையைப் போட்டு உடைத்தார். பையன் அன்று ஒன்றும் பேசவில்லை. இரவு என்னிடம் வந்து, "மாமா, உங்களுக்கும் தெரியுமா?" என்று கேட்டான். தலையை ஆட்டினேன். "அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றான். மறுநாள் பெங்களூர் போனவன் இரண்டு வருடம் வீட்டுக்கு வரவில்லை. போன் எடுத்தால் அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேசுவான், அவ்வளவுதான்.

2016ல் அவன் அப்பா காலமானபோது வந்தான். கொள்ளி வைத்தான், பதின்மூன்று நாளும் இருந்து எல்லாக் காரியமும் செய்தான். பதினான்காம் நாள் என் வீட்டுக்கு வந்து பத்திரத்தைக் கேட்டான். பீரோவைத் திறந்து கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தான். "மாமா, நான் தத்துப் பிள்ளை என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. இருபத்தைந்து வருடம் நீங்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறீர்கள், அதுதான்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் இல்லை.

காந்தி ரோட்டுக் கடையில் எனக்கு ஒரு மாதிரி ஆனதற்குக் காரணம் இதுதான். கடல் தாண்டி வந்து, பாஷை தெரியாத ஊரில் மூன்று வாரம் அலைந்து, தன் நிறமே இல்லாத குழந்தையைத் தூக்கிப் போனவரால் ஒளித்திருக்க முடியாது என்பது உண்மைதான். நிறமே காட்டிக் கொடுத்துவிடும். ஆனாலும் அவர் சொன்னது வேறு வழியில்லாமல் அல்ல. பெட்டி வைத்துச் சொன்னார். பெற்றவளைத் தேடவும் கூடவே வந்தார். "சொன்னால் பிள்ளை பெற்றவளைத் தேடிப் போய்விடும், பாசம் விட்டுப் போகும்" என்று நம் வீடுகளில் பயப்படுகிறோம். இங்கே வளர்த்தவளின் கையைப் பிடித்துக்கொண்டல்லவா பிள்ளை தேடுகிறாள்?

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று தத்து எடுக்கப் பதிவு செய்துவிட்டு நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் தடை இல்லை, நாம்தான். முதலில் "என்ன ரத்தமோ, என்ன சாதியோ" என்போம். பிறகு பேரன் முகத்தைப் பார்த்ததும் மனம் இளகி, "சரி, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்போம். முதல் பேச்சைவிட இரண்டாவது குறைந்த கெடுதல் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. அந்த ரகசியம் ஒருநாள் வெளியே வரும். வரும்போது யாராவது கோபக்காரர் வாயிலிருந்துதான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் நோயில்லாத கைக்குழந்தைதான் கேட்கிறார்கள். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளும் உடற்குறை உள்ள குழந்தைகளும் இல்லத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களில் பலரை இன்றும் வெளிநாட்டார்தான் வந்து அழைத்துப் போகிறார்கள். நாம் வேண்டாம் என்ற பிள்ளைக்காக ஒருவர் விமானம் ஏறி வருகிறார் என்றால், அவரைப் பழிக்கும் முன் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது முறை கடுமையாகிவிட்டது, நல்லதுதான். பெற்றவள் குழந்தையை ஒப்படைத்தாலும் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. காரா என்ற மத்திய அமைப்பு வழியாகத்தான் எதுவும் நடக்க வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவைக் கோர்ட்டுக்குப் பதில் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். வெளிநாட்டார் நேரில் வந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்குக் குழந்தையின் நிலை பற்றி அறிக்கை அனுப்பவும் வேண்டும். பதினெட்டு வயதான பிள்ளை தன் பூர்வீகம் தேட விண்ணப்பிக்கலாம். "ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கிறதாம், நேராக வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098க்குப் போன் செய்யுங்கள். முறையாகப் போகாத குழந்தைக்குக் காகிதம் இருக்காது. காகிதம் இல்லாதவனுக்குப் பின்னால் தேட ஒரு வரிகூட மிஞ்சாது. நானே பக்க எண் போட்டவன், சொல்கிறேன்.

இது நம் ஊருக்குப் புதிய பாடமும் அல்ல. குமரகோட்டத்தில் இருந்துதான் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடினார் என்கிறோம். அந்தக் குமரனை வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். யாரும் அதை ஒளிக்கவில்லை. கார்த்திகேயன் என்று வளர்த்தவர்கள் பெயரையே பிள்ளைக்கு வைத்துக் கூப்பிடுகிறோம். பெற்ற தாய்க்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை.

கடையில் அந்தப் பெண் கடைசியில் பச்சை உடலும் அரக்கு முந்தானையுமாக ஒரு புடவை எடுத்தாள். உடலும் முந்தானையும் சேரும் இடத்தைத் தடவி, இது ஏன் தடிப்பாக இருக்கிறது, குறையா என்று கேட்டாள். கடைக்காரர் என்னைப் பார்க்க, நான் விளக்கினேன். இதற்குப் பிட்னி என்று பெயர், உடல் பாவு வேறு, முந்தானைப் பாவு வேறு, ஒவ்வொரு இழையாகக் கையால் முறுக்கிச் சேர்ப்பார்கள், சேர்த்த இடம் தெரியத்தான் செய்யும், தெரிந்தால்தான் அசல் என்றேன். அவள் அதை டேனிஷ் மொழியில் அம்மாவுக்குச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து தங்கை மகனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு இப்போது ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, அந்தப் பத்திரத்தை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன். பாப்பா பெரியவளானதும் காட்டுவேன்" என்றான்.