லைசென்ஸ் துப்பாக்கி

தேர்தல் தேதி அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். மதுரை மாவட்டத்தில் சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பழகிப்போன வேலை. கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்வார்கள், முடிவு வந்து கெடுபிடி தளர்ந்ததும் திரும்ப எடுத்துவருவார்கள். தமிழ்நாட்டில் இப்படிப் போய்வருபவற்றில் பெரும்பாலானவை ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள். எப்போதாவது ஒன்று தாத்தா காலத்து வேட்டை ரைஃபிளாக இருக்கும். தோட்டா கிடைக்காது, சுடவும் இடமில்லை. ஆனாலும் குடும்பம் அதை விடாது.

இப்படிப்பட்ட பழைய ரைஃபிள்கள் மேல் இப்போது ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. அதில் பெரும்பகுதி கென்னத் ஆண்டர்சனைப் படித்ததால் வந்தது. 1910இல் பிறந்து 1974இல் மறைந்த இந்தப் பெங்களூர்க்காரர், அன்றைய சேலம் ஜில்லாவின் ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடித் திரிந்தவர். தமிழும் கன்னடமும் பேசுவார். அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் 1954இல் வந்தது. இன்னொரு வேட்டை எழுத்தாளரான ஜிம் கார்பெட்டை விட ஒரு படி குறைவாகவே அவரை மதிக்கிறார்கள். காட்டுவாசிகளோடு பழகிய விதத்தை எழுதியதில் அவர் கார்பெட்டுக்குக் குறைந்தவர் அல்ல என்பது என் எண்ணம்.

ஆண்டர்சன் கையில் இருந்தது 1895 மாடல் வின்செஸ்டர், .405 தோட்டா. விசைக்குக் கீழே விரல்கள் நுழையும் அளவில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதை முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், பின்னால் இழுத்தால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். இதுதான் லீவர் ஆக்‌ஷன். இதற்கு முந்தைய வின்செஸ்டர்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீளக் குழாயில் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால், சுடும் அதிர்ச்சியில் பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் அடியைத் தட்டி வெடித்துவிடும் அபாயம் உண்டு. துப்பாக்கியை வடிவமைத்த ஜான் பிரௌனிங் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, தோட்டாக்களைச் செங்குத்தாக அடுக்கும் பெட்டியை வைத்தார். 1904இல் வந்த .405 தோட்டாவின் குண்டு 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். நொடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகம். ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள துப்பாக்கி, பின்தகடோ இரும்பு. சுட்டவன் தோளும் தப்பாது. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்கா போனபோது சிங்கத்துக்கென்று கொண்டுபோனது இதைத்தான். 1911இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்த பெல்ஜியக் கைத்துப்பாக்கியும் இதே பிரௌனிங்கின் வடிவமைப்புதான்.

ஆண்டர்சன் ஏன் அமெரிக்கத் துப்பாக்கியை வைத்திருந்தார்? மகாராஜாக்களும் பெரிய துரைமார்களும் லண்டனில் அளவெடுத்துச் செய்த இரட்டைக்குழல் ரைஃபிள் வைத்திருந்தார்கள். விலை கேட்டால் சம்பளக்காரனுக்குத் தலை சுற்றும். தபால் தந்தித் துறையிலும் பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த ஒருவருக்கு, ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்து விற்ற வின்செஸ்டரே எட்டும் தூரம்.

எட்டும் தூரம் என்பதுகூட அவரைப் போன்ற வெள்ளைக்காரருக்குத்தான். தெற்கில் மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த கதை 1801இலேயே தொடங்கிவிட்டது. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட சில வாரங்களில், டிசம்பர் 1 அன்று, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களின் ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1878இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியனுக்கு 1920இல் விதிகள் மாறும்வரை விலக்கு. அதே 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மேல் போலீஸ் சுட்டு 16 பேர் இறந்தார்கள். சோழவந்தானிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்த ஊர். துப்பாக்கியின் எந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்பதை மதுரைச் சீமைக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆளப்படுபவர்கள் கையில் ஆயுதம் போய்விடுமோ என்ற அச்சம் வேட்டைத் துப்பாக்கியின் குழல் விட்டத்தையே தீர்மானித்தது. ராணுவத்தின் மார்ட்டினி ஹென்றி ரைஃபிள் .450 அளவு. அதே அளவில் வேட்டைத் தோட்டா விற்றால் கலகக்காரர்கள் கையில் போய்ச் சேரும் என்று 1907 வாக்கில் இந்தியாவுக்கு அதன் இறக்குமதியை நிறுத்தினார்கள். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புதுப்புது அளவுகளைக் கண்டுபிடித்தன. இன்று ஏலங்களில் பெருமையாகப் பேசப்படும் அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது யானையின் மண்டையோடு அல்ல, நம் ஆட்களின் கை. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. ராணுவ அளவான .303 பொதுமக்களுக்குத் தடை. அதனால்தான் இச்சாப்பூர் தொழிற்சாலை .315 ரைஃபிள் செய்து விற்றது.

ஆண்டர்சன் கதைகளில் எனக்குப் பிடித்த மனிதர் பைரா. சின்னாற்றங்கரை முத்தூர்ப் பக்கம் வாழ்ந்தவர், பூசாரி என்று ஆண்டர்சன் குறிப்பிடும் காட்டுக்குடியைச் சேர்ந்தவர். தடம் படிக்கவும் காட்டின் சத்தம் கேட்கவும் ஆண்டர்சனுக்குக் கற்றுத்தந்தவர்களில் முதல்வர். சட்டத்தின் கணக்கிலோ அவர் திருட்டு வேட்டைக்காரர். கரிமருந்து கிட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி குற்றம், வின்செஸ்டர் வீரம். இரண்டும் ஒரே காட்டில், ஒரே மரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆண்டர்சன் இதை மறைக்கவில்லை. அவரைப் படித்துவிட்டு ரைஃபிளுக்கு ஏங்குகிறவர்கள்தான் பைராவை மறந்துவிடுகிறார்கள்.

1959 ஆயுதச் சட்டத்திலும் இந்தப் பிரிவினை தெரியும். பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி என்று 13ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ரைஃபிள் கேட்டால் தக்க காரணம் காட்ட வேண்டும். இதில் ஒரு நியாயமும் இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சோழவந்தான் போன்ற சமவெளியில் ரைஃபிள் குண்டு குறி தவறினால் வயலோடு நிற்காது. தென்னந்தோப்பைத் தாண்டும், இரவில் தண்ணீர் பாய்ச்ச நிற்பவனைத் தேடும். நாட்டுத் துப்பாக்கியின் ரவையோ கொஞ்ச தூரத்தில் வலுவிழந்துவிடும்.

சிறுமலை அடிவாரத்திலிருந்து பன்றி இறங்கிக் கிழங்கையும் நெல்லையும் உழும்போதெல்லாம், துப்பாக்கியைக் கொடுங்கள் என்று ஒரு குரல் எழுகிறது. அந்தக் கோபம் பொய்யல்ல. கேரளம் 2022இல் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறை சுடலாம் என்று வைத்தது. நம் பாதை சரி. விவசாயிக்கு வேண்டியது தாமதமில்லாத இழப்பீடும், கூப்பிட்டால் வரும் வனத்துறை ஆளும். அவை கிடைக்காத இடத்தில்தான் அவுட்டுக்காய் என்ற வெடியும் திருட்டு மின்வேலியும் வருகின்றன, பன்றியோடு மனிதரும் சாகிறார்கள். தாத்தாவின் ரைஃபிள் அதற்கு மருந்தல்ல.

வேட்டையின் காலம் முடிந்துவிட்டது. புலி வேட்டைக்கு 1970இல் தடை வந்தது, 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வைகை பிறக்கும் மேகமலைப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம். 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. .405 தோட்டாவை அதற்கு வெகு முன்பே, 1930களில், வின்செஸ்டர் கைவிட்டிருந்தது. 2019 திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். தோட்டாவே இல்லாத ரைஃபிளும் அந்த இரண்டில் ஒன்று. மூன்றாவதாக இருப்பதை விற்க வேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததை உரிய காலத்தில் யாரும் கேட்டு வராவிட்டால் அரசுக்குப் போய்விடும். அப்புறம் கிடங்கு, துரு, கடைசியில் உருக்கு உலை.

இதில்தான் மாற்றம் வேண்டும் என்கிறேன். திரும்பச் சுட முடியாதபடி செய்யப்பட்ட பழைய ஆயுதத்துக்குச் சட்டம் ஏற்கெனவே விலக்கு அளிக்கிறது. அப்படிச் செயலிழக்க வைத்து அருங்காட்சியகத்தில் வைக்க மாவட்ட நிர்வாகம் ஒரு எளிய வழியைத் திறக்கலாம். மதுரை அரசு அருங்காட்சியகம் காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்தில்தான் இருக்கிறது. அங்கே துப்பாக்கியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி இருக்கும் வளாகத்தில், துப்பாக்கியைப் பற்றி உண்மையாகப் பேச முடியாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பளபளப்பாக்கித் தொங்கவிட்டால் போதாது. பக்கத்தில் ஒரு நாட்டுத் துப்பாக்கியும், 1801 பிரகடனமும், பெருங்காமநல்லூரில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் இருக்க வேண்டும்.

வாரிசுகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய ரைஃபிளோ நாட்டுத் துப்பாக்கியோ இருந்தால், அதன் லைசென்ஸ் புத்தகத்தையும் ரசீதுகளையும் பழைய கடிதங்களையும் எறிந்துவிடாதீர்கள். யார் பெயரில், என்ன காரணம் சொல்லி, எத்தனை தோட்டாவுக்கு அனுமதி வாங்கினார்கள் என்று அவைதான் சொல்லும். ரைஃபிள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், அந்தக் காகிதம் கிடைக்காது.