பலூனைத் தூக்கியது புகையா?

பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் திருவிழாவுக்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். தரையில் நீளமாக விரித்துக் கிடக்கும் நைலான் துணியின் வாய்க்குள் பெரிய மின்விசிறி ஒன்று காற்றை ஊதிக்கொண்டிருக்கும். துணி புடைக்கும், ஆனால் எழாது. பர்னரைத் திறந்து புஸ்ஸென்று தீயை உள்ளே விட்டதும்தான், தூங்கிக்கொண்டிருந்த யானை மாதிரி அது மெல்ல எழுந்து நிற்கும்.

முன்பு இருந்ததும் காற்று, இப்போது இருப்பதும் காற்று. அப்புறம் எப்படி?

காற்றின் மூலக்கூறுகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே அவை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. ஒலியே நொடிக்கு 340 மீட்டர்தான். சூடு ஏறினால் வேகம் இன்னும் கூடும், ஒன்றையொன்று தள்ளி விலகும். மூலக்கூறு பருப்பதில்லை, இடைவெளிதான் கூடுகிறது. (‘வெப்பத்தால் விரிவடையும்’ என்று பள்ளியில் ஒரே வரியில் முடித்துவிடுவதால் மூலக்கூறே உப்புகிறது என்று நினைப்பவர்கள் உண்டு.) மூடிய பாத்திரமாக இருந்தால் அழுத்தம் ஏறும். பலூனுக்கோ அடிவாய் திறந்தே கிடக்கிறது. நெருக்கடி தாங்காமல் உள்ளே இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு காற்று அந்த வழியாக வெளியேறிவிடும். 20 டிகிரியில் 1 கன மீட்டர் காற்று 1.2 கிலோ; 100 டிகிரியில் சுமார் 950 கிராம். இந்தக் கால் கிலோ வித்தியாசம்தான் அத்தனை பேரையும் தூக்குகிறது. 2,200 கன மீட்டர் பலூன் என்றால் 500 கிலோவுக்கு மேல். துணி, கூடை, சிலிண்டர் எடை போக நாலு பேர் ஏறலாம்.

முதலில் பறக்கவிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. பிரான்ஸின் அன்னோனே ஊரில் காகித ஆலை நடத்திய குடும்பத்தின் மோன்கோல்ஃபியே சகோதரர்கள், 1783 ஜூன் 4-இல் தங்கள் பலூனை ஊரறிய ஏற்றினார்கள். புகையில்தான் ஏதோ லேசான வாயு இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் நன்றாகப் புகையட்டும் என்று வைக்கோலையும் கம்பளியையும் போட்டு எரித்தார்கள். செப்டம்பரில் வெர்சாய் அரண்மனையில், மன்னர் பதினாறாம் லூயி பார்க்க, ஓர் ஆடும் வாத்தும் சேவலும் பறந்தன. நவம்பர் 21-இல் பாரிஸில் இரண்டு மனிதர்கள். காரணம் தப்பு, காரியம் ஜெயம். உண்மையில் கரித்தூள் கலந்த புகையால் எடைதான் கூடியிருக்கும்.

அதே 1783-இல் ஹைட்ரஜன் பலூன் விட்டவர் ழாக் சார்ல். அது கொனேஸ் கிராமத்தில் விழுந்தபோது மிரண்டுபோன மக்கள் அதைக் குத்திக் கிழித்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, சூட்டுக்கு வாயுக்கள் எவ்வளவு விரிகின்றன என்று அளந்து பார்த்தவரும் இந்த சார்ல்தான். அளந்தவர் அச்சில் வெளியிடவில்லை. 1802-இல் கே-லூசாக் என்ற விஞ்ஞானி இதே விரிவு பற்றிய தன் ஆய்வை வெளியிட்டபோது சார்லின் பெயரையும் சொன்னார், நல்ல மனிதர். ஆக, வெப்பக் காற்று பலூனை விளக்கும் விதி ஹைட்ரஜன்காரர் பெயரில் நிற்கிறது.

குளிர்ந்தால் எல்லாம் தலைகீழ். பர்னரை நிறுத்தினால் மூலக்கூறுகள் வேகம் தணிந்து நெருங்கும், வெளிக்காற்று அடிவாய் வழியே நுழையும், பலூன் கனத்து இறங்கும்.

விடியற்காலையிலேயே பறக்கவிடுவதற்கும் இந்த எடை வித்தியாசம் ஒரு காரணம். காற்று அதிகம் வீசாது என்பது ஒரு பக்கம். வெளியே 20 டிகிரி இருக்கும்போது கிடைக்கும் தூக்குவிசை, வெயில் ஏறி 35 டிகிரி ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நாலு பேர் ஏறிய கூடையிலிருந்து இரண்டு பேரை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.