படிக்காசும் கைத்தொண்டும்

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்.’ தோட்டப்புறத்தில் துன்பம் நேர்ந்த இல்லத்திற்கு ஆறுதல் கூறச் செல்வோர் இப்பழமொழியைச் சொல்லாது திரும்புவது அரிது. யாரிடம் சொல்லப்படுகிறது? காட்டை அழித்து, நாற்றங்காலில் நீர் வார்த்து, பால்மரக் கன்றை நட்டு, அது பால் தரும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களிடம். வைத்தவன் பேணாவிடின் கன்று என்னவாகும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இறை நம்பிக்கையைப் பழிப்பார் கூற்றன்று இது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் தாங்கியோர் பலருக்கு அந்நம்பிக்கையே ஊன்றுகோல். ஆனால், ‘இறைவன் சோதிக்கிறான்; பொறுத்தவர் தேறுவர்’ என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் மீளவில்லை. அவர்தம் இல்லங்களிலும் மாரியம்மனுக்கு விளக்கேற்றியே காத்திருந்தனர். அவர்கள் சோதனையில் தேறாதவர்களா? அவ்வாறு சொல்ல எவரும் நாக்கூசுவர். எனினும், சொல்லப்படும் ஆறுதலின் உட்பொருள் அதுவே.

பக்தியின் பெயரால் சும்மா இருக்கச் சொல்வோர் பெரிதும் எடுத்துக்காட்டுவது திருவீழிமிழலை வரலாறு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தரும் அப்பரும் அவ்வூரில் தங்கியிருந்த காலத்துப் பஞ்சம் வந்தது, இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு வைத்தான், துயர் தீர்ந்தது. வகுப்பறையிலும் கதை பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு வந்த மாணவன் இதனின்று கற்பது யாது? காத்திருந்தால் காசு வரும் என்பதே.

சேக்கிழார் அவ்வளவில் நிறுத்தவில்லை. பஞ்சத்தால் அவ்விரு பெரியோர் உள்ளம் வாடவில்லை என்பதை இறைவனே கனவில் வந்து ஒப்புகிறான். அவர்களைச் சார்ந்து நிற்கும் அடியார்களுக்காகவே காசு தருகிறான். ஆகவே, கிடைத்த காசு மடியில் முடியப்படவில்லை. கடைத்தெருவுக்குச் சென்று அரிசியும் காயுமாகி, இரு மடங்களிலும் பந்தியில் இலைகள் விழுந்தன. அப்பர் மடத்தில் உணவு காலத்தில் ஆயிற்று. சம்பந்தர் மடத்தில் மட்டும் பொழுது கடந்தது. சம்பந்தர் காரணம் வினவினார். அவர் பெற்ற காசுக்கு வணிகர் வாசி, அதாவது வட்டம், கேட்கின்றனர் என்றும், அப்பர் காசுக்கு அது இல்லை என்றும் சமையற்காரர் கூறினர். ஏன் அவ்வேறுபாடு? சம்பந்தர் இறைவனுக்கு மகனைப் போன்றவர். அப்பரோ உழவாரப் படை ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் என்கிறார் சேக்கிழார். ஞானப்பால் உண்ட பிள்ளையின் காசினும் புல் செதுக்கிய முதியவரின் காசு சந்தையில் நேரே செல்லுபடியாயிற்று! பெரிய புராணத்தை வேலை செய்யாமைக்குச் சான்று காட்டுவோர் இவ்விடத்தைப் படித்தனரா என்பது ஐயமே.

மற்றொன்றும் கருதத்தக்கது. சமையற்காரர் குறையை மறைக்கவில்லை. ‘பொறுத்திருப்போம்’ என்று வாளாவிருக்கவும் இல்லை. சம்பந்தரும் அக்குறையை இறைவனிடமே பாடி முறையிட்டார். கேட்டதனால் அவர் பக்தி குறைந்துவிடவில்லை.

மலாயாத் தமிழருக்கு இது வெறும் புராணமன்று. 1950களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். குடியிருந்த லயமும் தோட்டத்திற்கே உரியதாகையால், தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒருங்கே போயின. ‘ஆண்டவன் விட்ட வழி’ என்று அழுதவர் அந்நாளில் மிகப் பலர். அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கேட்டார். நாட்கூலி பெற்றவர்க்குப் பத்து வெள்ளி பெருந்தொகை. நம்பாதவர்களும் இருந்தனர், ஏளனம் செய்தவர்களும் இருந்தனர். கொடுத்தவர்கள் காசு சேர்ந்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. கொடுத்தவர்களும் கோயிலுக்குச் செல்பவர்களே.

பள்ளியில் நடப்பதோ வேறு. தந்தை வேலையிழந்து, ஒரு மாணவன் படிப்பை நிறுத்தும் நிலை வருகிறது. உதவிநிதிக்குரிய படிவம் வந்திருக்கிறது. அது மலாய் மொழியில் இருப்பதால் தந்தையால் அதனை நிரப்ப இயலாது. ‘ஆண்டவன் பார்த்துக்கொள்வான், ஐயா’ என்கிறார் அவர். ‘ஆமாம், அவன் கைவிடமாட்டான்’ என்று ஆசிரியரும் தலையசைக்கிறார். அரைமணி நேரத்தில் நிரப்பித் தரக்கூடிய படிவம் மேசை இழுப்பறையில் கிடக்க, இறுதி நாள் கடந்துபோகிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டு வழிபாட்டில், அந்த ஆசிரியர் தாளம் தட்ட, அம்மாணவன் முன் வரிசையில் நின்று தேவாரம் பாடுகிறான்.