யாருடைய அனுபவம்?

மனச்சோர்வு நோய்க்குக் காளானிலுள்ள சிலோசைபின் என்னும் பொருளை மருந்தாகக் கொடுக்கும் ஆய்வுகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்துவருகின்றன. உண்டவர் ஐந்தாறு மணிநேரம் வேறொரு உணர்வுநிலையில் இருக்கிறார். அழுகிறார், பயப்படுகிறார், 'நான்' என்பதே கரைந்துபோச்சு என்கிறார். குணமாவது இந்த அனுபவத்தாலா, மூளைக்குள் மருந்து செய்கிற வேலையாலா? 2021இல் ஒரே ஆய்விதழில் இரு தரப்பும் மோதின. அனுபவம் இல்லாமல் நீடித்த குணம் இல்லை என்றனர் யேடனும் கிரிஃபித்ஸும். அது தேவைப்படாமலும் போகலாம் என்றார் டேவிட் ஓல்சன். நரம்புக் கிளைகள் புதிதாக வளர்ந்தால் போதும், காட்சி எதுவும் காட்டாத மாத்திரை செய்துவிடலாம் என்பது அவர் கட்சி. அதற்குக் கம்பெனியும் தொடங்கியிருக்கிறார்.

ஓல்சன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டு சிகிச்சையாளர்கள் நாள் முழுக்கக் கூடவே உட்கார வேண்டும். யாருக்குக் கட்டுபடியாகும்? மாத்திரைன்னா வீட்டிலேயே போட்டுக்கலாம். சரி, இது எங்கே போய் நிற்கும்? காசுள்ளவனுக்கு அனுபவம், இல்லாதவனுக்கு மாத்திரை. அவன் கதையைக் கேட்க ரெண்டு பேர். உன் கதையைக் கேட்க ஒருத்தரும் வேண்டாம், முழுங்கிட்டு வேலைக்குப் போ!

அனுபவத்தைத் தூக்கிப்பிடிக்கிறவர்களையும் நான் சும்மா விடுவதாயில்லை. யாருடைய அனுபவம் அய்யா அது? 1993 முதல் 2017 வரையிலான 18 ஆய்வுகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பங்கேற்ற 282 பேரில் 82.3 சதவீதம் வெள்ளையர். கறுப்பர் 2.5 சதவீதம். இதை வைத்துக்கொண்டுதான் 'மனித உணர்வு' பற்றிப் பேச்சு.

கறுப்பர்களுக்கு இந்த வகை மருந்து புதுசா என்ன? 1950களில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், போதைப்பழக்கம் உள்ளவர்களை அடைத்துவைத்த அரசு ஆஸ்பத்திரியில், ஹாரிஸ் இஸ்பெல் என்கிற டாக்டர் கைதிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்தார். மூளையில் சிலோசைபின் தட்டுகிற அதே கதவைத் தட்டுகிற மருந்து அது. வாங்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். சிலருக்குத் தொடர்ந்து 77 நாள் கொடுத்தார்கள். கூலி? எந்தப் போதைக்காக உள்ளே தள்ளினார்களோ அதே போதை. அவர்களுக்கும் உணர்வுநிலை மாறத்தான் செய்தது. கேள்வித்தாளில் அதை அறிகுறி என்று குறித்துக்கொண்டார்கள். ஞானம் என்று யாரும் சொல்லவில்லை. நீ என்ன பார்த்தாய், அதற்கு உன் வாழ்க்கையில் என்ன அர்த்தம் என்று கேட்கவும் ஆளில்லை.

இன்றைய ஆய்வறையில் படுக்கை, இசை, கையைப் பிடித்துக்கொள்ள ஆள். அன்று பூட்டிய வார்டு. ஆழ்ந்த அனுபவம் கிடைத்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். பயமில்லாமல் கண்ணை மூட முடிந்தவனுக்குத்தானே அந்த ஆழம்? அனுபவம் மண்டைக்குள் மட்டும் நடப்பதல்ல. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்பதும் அதற்குள் அடக்கம். இதைக் கேட்காமல் 'அனுபவம் வேணுமா வேண்டாமா' என்று மோதுவது மேட்டுக்குடிச் சண்டை.

மாத்திரை வேண்டாம்னு நான் சொல்லல. சாகத் துணிந்தவனைத் தடுக்கும் என்றால் கொடுங்கள். ஆனால் அவன் சோகத்துக்குக் காரணம் சேரியிலும் சிறையிலும் இருக்கிறபோது, நரம்பு கிளைவிட்டதும் கணக்கு முடிந்தது என்று எழுதாதீர்கள். தலித் எழுத்தே, எங்கள் அனுபவத்தை அறிவென்று ஏற்க மறுத்தவர்களோடு சண்டை போட்டு வந்ததுதான். ஆகவே நாங்கள் கேட்பது: சோதனைக்கு உடம்பு கொடுப்பவனின் வாய்மொழியும் ஆய்வில் ஏற வேண்டும். கூட உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் என்பது சலுகை அல்ல, ஏழை நோயாளியின் உரிமை.