பள்ளிக்கூடம் திறந்த மறுநாள்

2021 நவம்பர் 22ஆம் திகதி தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளும் தொடங்கின. அதோடு நாட்டின் பாடசாலைகள் எல்லாத் தரப் பிள்ளைகளுக்கும் திறந்தாயிற்று. 2020 மார்ச்சில் மூடி, இடையில் திறந்து, திரும்ப மூடி இழுபட்ட காலம் ஒருவழியாக முடிந்ததென்று ஊரெல்லாம் மூச்சு விட்டது. மறுநாள் 23ஆம் திகதி காலை, திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிக் களப்பில் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் அதில் இருந்தார்கள். அன்றே ஆறு உயிர் போயிற்று. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவர்களிலும் பின்னர் இழப்பு வந்தது.

அப்போது பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடியும்வரை சனம் கிண்ணியாவுக்குப் போய்வர அந்தப் பாதைதான் இருந்தது. எத்தனை பேரை ஏற்றலாம், உயிர்காப்பு அங்கி உண்டா, யார் அனுமதித்தது என்ற கேள்விகளெல்லாம் பிள்ளைகளைக் கரையில் கிடத்திய பிறகுதான் உரத்து எழுந்தன. பிள்ளைகளைக் காப்பாற்றவென்றுதான் மாதக்கணக்கில் பள்ளிக்கூடத்தைப் பூட்டி வைத்தோம். முகக்கவசம் போட்டாயா, கை கழுவினாயா, ஒரு மீற்றர் தள்ளி இருக்கிறாயா என்று வாசலில் நின்று கேட்க எல்லா ஏற்பாடும் இருந்தது. அந்த வாசலுக்குப் பிள்ளை எதில் ஏறி வந்து சேர்கிறது என்று கேட்க ஆள் இருக்கவில்லை.

கொவிட் நமக்குச் சில நல்லதையும் செய்துவிட்டுப் போனது என்ற பேச்சு இப்போது கருத்தரங்குகளில் சாதாரணமாக அடிபடுகிறது. வீட்டுத்தோட்டம் வந்தது, குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது, காற்று சுத்தமானது, பிள்ளைகள் தொழில்நுட்பம் படித்தார்கள் என்று பட்டியல் நீள்கிறது. இந்தத் தலையங்கம் அந்தப் பேச்சை முழுதாக மறுக்க எழுதப்படவில்லை. பெருநோய்க்குப் பிறகு சமூகம் மாறியதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. ஆனால் அந்த மாற்றத்தை நோய் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கேட்டவர்கள் வாங்கினார்கள்.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் கரைபுரண்டு ஓடும் ஈரவலய ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின; குட்டைகளில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டு இறுதியில் தொடங்கிய மலேரியா, கேகாலை, குருநாகல் பக்கங்களை மொத்தமாகச் சாய்த்தது. அடங்குவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் அரிசியும் பருப்பும் மருந்தும் சுமந்து கிராமங்களுக்குள் போனார்கள். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களோடு இருந்தவர்கள். போனவர்கள் பருப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தால் அது தர்மமாகவே முடிந்திருக்கும். நுளம்பு கடித்ததால் மட்டும் இத்தனை பேர் சாகவில்லை, வயிறு காய்ந்து கிடந்தவர்களே கொத்தாகச் செத்தார்கள் என்பதை அவர்கள் அரசியல் மேடையில் சொன்னார்கள். அவர்கள் முன்னின்று 1935 டிசம்பரில் இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியின் பெரேரா ருவான்வெல்லையிலிருந்தும் பிலிப் குணவர்தன அவிசாவளையிலிருந்தும் அரசாங்க சபைக்குப் போனார்கள். நோய் தின்ற ஊர்கள் அவர்களை அனுப்பின.

இங்கே 1931ஐ மறக்கக்கூடாது. ஆண், பெண், படித்தவர், படியாதவர் எல்லோருக்கும் வாக்கு கிடைத்த ஆண்டு அது. மலேரியா வந்தபோது சாகிறவன் கையில் வாக்கு இருந்தது. அதனால்தான் ஆட்சியில் இருந்தவர்களால் அந்தச் சாவுகளைக் காய்ச்சல் கணக்கில் எழுதிவிட்டுப் போக முடியவில்லை. கிராமங்களில் மருந்தகங்களும் மகப்பேற்று நிலையங்களும் பெருகின. மருத்துவிச்சிகள் வீடு வீடாக வந்தார்கள். 1935இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 1950இல் அந்தத் தொகை 82. காசில்லாமல் வைத்தியம் பார்க்கலாம் என்று நாம் இன்றும் கிண்ணியா தள வைத்தியசாலை வரிசையில் நிற்கும் உரிமைக்கு அந்தக் காலத்தில் ஆழமான வேர் உண்டு.

இதையும் சொல்ல வேண்டும்: உலர்வலயமான நம் பக்கத்தில் மலேரியா புதிதாக வந்த நோய் இல்லை. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் குளிர்காய்ச்சல் அன்று வருடா வருடம் வந்துபோகும் விருந்தாளி. கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல், தலைமுறைகளாகச் சாகிறவர்களுக்காக எந்த ஊரிலும் இயக்கம் தொடங்குவதில்லை. 1946இல் டிடிரி தெளிப்பு தொடங்கி நுளம்பு அடங்கியபோது உலர்வலயம் குடியேறத்தக்க நிலமாயிற்று. 1950களில் கந்தளாயிலும் அல்லையிலும் அரசு குடியேற்றத் திட்டங்கள் விரிந்தன. திருகோணமலை மாவட்டத்தின் இனக்கணக்கு எப்படி மாறியது என்பதை வாசகருக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. காய்ச்சல் ஒழிந்தது நல்லதுதான். அதனால் கிடைத்த நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்த இடத்தில் இவ்வூர்க்காரர் இருக்கவில்லை.

நோய் தானாக எதையும் கொடுப்பதில்லை என்பதற்கு இங்கிலாந்தும் சாட்சி. 1348இன் கொள்ளைநோயில் ஆள் குறைந்ததால் கூலி ஏறியது என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தக் கூலியைப் பழையபடி இறக்கி வைக்க 1351இல் சட்டம் போட்டதும், 1381இல் குடியானவர்கள் கிளர்ந்ததும் அந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

நம் ஊருக்கு வருவோம். 2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு பிடித்தது. அவ்வாண்டு இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோரைப் படுக்கையில் தள்ளி, 440 பேரின் உயிரெடுத்த பெருந்தொற்றில் முதலில் பற்றியெரிந்த இடங்களில் ஒன்று இது. பாடசாலைகளை மூடினார்கள். கட்டில் போதவில்லை. கொழும்பிலிருந்து அதிகாரிகளும் கமராக்களும் வந்தன. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் குப்பை அள்ளினார்கள். கிணறுகளையும் தொட்டிகளையும் பார்த்தார்கள். வைத்தியசாலைக்குக் கட்டடமும் ஆளணியும் வேண்டுமென்று ஊர் ஒரே குரலில் கேட்டது. காய்ச்சல் இறங்கியதும் அந்தக் குரலும் இறங்கியது. மூன்று வருடம் கழித்து கொவிட் வந்தபோது நாம் பழைய கோரிக்கையைத் தூசு தட்டி எடுக்க வேண்டியிருந்தது. இதில் அரசைக் குறை சொல்ல நிறைய உண்டு, சொல்லியும் வருகிறோம். கேட்டதைத் தொடர்ந்து கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வைக்கிறோம்.

கொவிட் காலத்தின் பெரிய காயம் எது என்று இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: ஜனாஸா எரிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே, கொவிட்டில் இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று சொல்லியிருக்க, இலங்கை எரிக்க மட்டுமே அனுமதித்தது. அரசின் கணக்குப்படி 276 முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாளான குழந்தையின் உடலும் அவற்றில் ஒன்று. 2021 பெப்ரவரி இறுதியில்தான் வர்த்தமானி மாறியது. முதலில் இரணைதீவில் அடக்கலாம் என்றார்கள். கடற்படையிடமிருந்து தங்கள் தீவை 2018இல்தான் மீட்டிருந்த அந்தக் கத்தோலிக்கத் தமிழ் மக்கள் எதிர்த்தார்கள். அவர்களைக் கேட்காமலே அதை அவர்கள் தலையில் கட்டியதுதான் அநியாயம். கடைசியில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் இடம் கிடைத்தது. 2021 மார்ச் 5இலிருந்து ஒரு வருடம், நாட்டின் எந்த மூலையில் கொவிட்டில் இறந்தவரையும் அடக்குவதானால் அங்கேதான் கொண்டுவர வேண்டியிருந்தது. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், பௌத்தர், இந்து, கிறிஸ்தவர்களும் உண்டு. அங்கே நின்று குழி வெட்டி, மூட்டையாகக் கட்டிய உடலை இறக்கி, முகம் தெரியாதவர்களுக்குத் தொழுகை நடத்திய பிரதேச சபை ஊழியர்களையும் ஊர் இளைஞர்களையும் பற்றி இதுவரை ஒழுங்கான பதிவு ஒன்று வந்ததாக நாம் காணவில்லை.

அந்தக் காயத்தைச் சுற்றித்தான் நாம் நல்லது என்று துணிந்து சொல்லக்கூடிய ஒன்று நடந்தது. 2020 டிசம்பரில் எரிப்பை எதிர்த்துப் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரி 3இல் பொத்துவிலில் தொடங்கி 7இல் பொலிகண்டியில் முடிந்த பேரணி, காணிப் பறிப்பு, காணாமலாக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் ஆகிய கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதையும் சுமந்து நடந்தது. 1990இன் வன்முறைக்குப் பிறகு கிழக்கில் தமிழரும் முஸ்லிமும் ஒருவர் வலியை மற்றவர் பதாகையில் எழுதியது எத்தனை தடவை? பேரணிக்குப் பிறகு அந்த உறவு என்னவாயிற்று என்று கேட்டால் சொல்ல அதிகமில்லை. அடுத்த தேர்தல் வந்தது. மேடைகள் பழைய இடத்தில் பழைய வர்ணத்தில் எழுந்தன.

சின்னச் சின்ன மாற்றங்களின் கதியும் இப்படித்தான். தனிமைப்படுத்தல் விதிகளால் கல்யாணத்துக்கு ஆள் கூட்ட முடியாமல் போனபோது, மாப்பிள்ளை வீட்டில் நாலு பேர், பெண் வீட்டில் நாலு பேர், ஒரு நிக்காஹ், ஒரு வேளைச் சாப்பாடு என்று முடிந்தது. கடன்படாமல் பெண்ணைக் கரைசேர்த்த வாப்பாமார் அந்த இரண்டு வருடத்தை இன்னும் நினைத்துக்கொள்கிறார்கள். விதி தளர்ந்தது, மண்டபங்கள் நிறைந்தன, சீதன வீட்டுப் பேச்சு மட்டும் கொவிட்டிலும் குறையவில்லை. பாடசாலை வாசலில் பூட்டிய கை கழுவும் குழாய்கள் பலவற்றில் இப்போது தண்ணீர் வராது. தண்ணீர் வசதியில்லாத பிள்ளைக்கு அந்தக் குழாய் வயிற்றோட்டத்துக்கு எதிராகவும் வேண்டியதுதான், அதை யார் நினைத்தார்கள்? சிற்றிதழ்க்காரருக்கும் ஒரு வரவு உண்டு. அச்சகம் மூடியிருந்தபோது இதழ்கள் மின்னிதழாக வந்தன. சூம் கூட்டத்தில் கிண்ணியாவும் ரொறன்ரோவும் பாரிசும் ஒரே மாலையில் உட்கார்ந்து கவிதை கேட்டன. அதில் கொஞ்சம் இன்றும் நிற்கிறது. பேசுகிறவர்களே திரும்பத் திரும்பப் பேசும் நோயும் கூடவே நிற்கிறது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். பள்ளிக்கூடம் மூடியதால் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க, தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தெருவிலேயே ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் பெண், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பாடம் சொன்னார். அதற்கு முன்பே ஓகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியிருந்தது. நீரிழிவு, இரத்த அழுத்தக்காரருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது. அவற்றில் குறைகள் உண்டு. சம்பளம் பற்றிய சண்டைகளும் உண்டு. ஆனால் நோய் காட்டிக்கொடுத்த ஓட்டையை அடைக்க ஒரு திட்டம், ஒரு பெயர், ஒரு பணவொதுக்கீடு இருந்தது. கல்வி பிள்ளையின் வீட்டைத் தேடிப் போன அந்தத் திட்டம் தொடங்கி நான்கு கிழமைக்குள், இங்கே பிள்ளை கல்வியைத் தேடிப் போய்க் களப்பில் மூழ்கியது.

பிறகு 2022 வந்தது, நாடு வங்குரோத்தானது, பாலம் முடியாமல் கிடந்தது. வரிசைகளும் மின்வெட்டும் கொவிட்டைப் பழங்கதையாக்கிவிட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. மன்னிப்பை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. எரிப்பதற்கு அதிகாரம் கொடுத்தது தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம்; ஆண்டு 1897. கப்பலில் வந்த கொள்ளைநோயைத் தடுக்க வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தின் கீழ், ஒரு வர்த்தமானியால் ஒரு சமூகத்தின் மரணச் சடங்கை ஒரே இரவில் மாற்றிவிடலாம். அடுத்த நோய் வரும்போது அந்தச் சட்டம் அப்படியே இருந்தால் மன்னிப்புக் கடிதத்தை யார் எடுத்துக் காட்டப் போகிறார்கள்? சுகாதார அவசரகாலத்தில் சமயச் சடங்கைக் கட்டுப்படுத்தும் எந்த விதியும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், பாராளுமன்றத்துக்கு வர வேண்டும், காலக்கெடு வேண்டும். நம் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், இதற்கு ஒரு தனிநபர் பிரேரணை கொண்டுவரலாம். கல்யாண வீட்டிலும் மையத்து வீட்டிலும் அவர்களைக் காணும் வாசகர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது வேலை நம்முடையது. 1935இன் இளைஞர்கள் பருப்போடு கணக்கையும் சுமந்தார்கள். கொவிட் காலக் கணக்கு நம் ஊரில் யாரிடமும் எழுத்தில் இல்லை. வாயில் இருக்கிறது, அதுவும் மங்கிக்கொண்டிருக்கிறது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் ஓட்டமாவடிக்கு ஜனாஸா வண்டியில் கூடப் போனவர்கள், தாதியர், மருத்துவிச்சிகள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீதியில் சமைத்துப் பார்சல் கட்டியவர்கள், கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைக்கு வீடு தேடிப் போய்ப் பாடம் கொடுத்த ஆசிரியர்கள், குறிஞ்சாக்கேணிக் கரையில் அன்று காலை தண்ணீரில் குதித்தவர்கள், எல்லோரும் எழுதி அனுப்புங்கள். எழுதக் கூச்சமென்றால் சொல்லுங்கள், நாங்கள் வந்து எழுதிக்கொள்கிறோம். பெயர் வேண்டாமென்றால் போட மாட்டோம். அடுத்த இதழின் பெரும்பகுதியை அதற்காக ஒதுக்கியிருக்கிறோம். அச்சானதும் ஒரு பிரதியைச் சுகாதார அமைச்சுக்கும் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவோம்.