எந்த ரைஃபிள் என்பதற்கு முன்

".315 ரைஃபிளா, இரட்டைக்குழல் துப்பாக்கியா? எது முதலில் வாங்கலாம்?" ஒவ்வொரு சாதிவெறித் தாக்குதலுக்குப் பிறகும் நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் தோழர்களே, துப்பாக்கிக் கடைக்கு முன்னால் கலெக்டர் அலுவலகம் இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3(1)-ஐப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கும் பிறகுதான் நமக்கு உரிமம் வழங்குவது வருகிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதல் வேலை, அவர்கள் கையில் இருப்பதைப் பிடுங்குவது.

'தேவைப்பட்டால்' என்ற சொல்லுக்குள் அந்த விதி தூங்குகிறது. விதி வந்து இரண்டு ஆண்டுக்குப் பின், 1997 டிசம்பர் 1 இரவு, பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் ரன்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. 58 பிணங்களைவிட வேறென்ன தேவை?

"கூலிக்காரனுக்கு எதற்குத் துப்பாக்கி?" என்பார்கள். போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 14(2). ஆனால் அந்த விண்ணப்பமும் உள்ளூர் காவல் நிலையத்தின் அறிக்கைக்குத்தான் போகும். நம் புகாரை வாங்க மறுக்கிற அதே நிலையம்!

எனவே முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். விதி 3(1)-ன்படி உங்கள் மாவட்டத்தில் எத்தனை உரிமங்கள் ரத்தாயின? நம் மக்களுக்கு எத்தனை வழங்கப்பட்டன? பதில் வரட்டும். ரைஃபிளைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

ஜெய்பீம்.